தீப்பெட்டியில் வந்த உண்ணி

பிரிவுபசார விழாக்களில் என்னைப் பேசக் கூப்பிட்டால் சொல்வதற்கென்று மூன்று கதைகள் வைத்திருக்கிறேன். விரியன் கடித்த வண்டிக்காரர் பிழைத்த கதை, ஓடும் ஜீப்பில் பிரசவம் பார்த்த கதை, மலைக்கிராமம் ஒன்றில் வாந்திபேதியைப் பரவாமல் நிறுத்திய கதை. மூன்றிலும் நான்தான் கதாநாயகன். கேட்பவர்கள் கைதட்டுவார்கள், நானும் கொஞ்சம் வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வேன். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. என் மனைவிக்கே போன வருஷம்தான் தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் டாக்டர்களான உங்களுக்காக அதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் மரியாதை குறைந்தால் குறையட்டும். குறைய வேண்டியதுதான்.

எண்பதுகளின் பின்பாதி. இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் ஒரு நிலையத்தில் நான் டாக்டராக இருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. தப்பு செய்தது நான், ஊரை எதற்கு இழுக்க வேண்டும்? எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர். அதைவிட, வாய்ப்பேச்சில் கெட்டிக்காரன் என்று பெயர். நான் ஒரு வார்த்தை சொன்னால் கம்பவுண்டர் சிரிப்பார், நர்ஸ் சிரிப்பார், வரிசையில் நிற்கும் நோயாளிகளும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் பாம்புக்கடி அதிகம், எங்களிடம் விஷமுறிவு மருந்து குறைவு. கடித்தது நல்ல பாம்பா, விரியனா, தண்ணீர்ப் பாம்பா என்று தெரியாமல் இருக்கிற மருந்தை வீணாக்க முடியாது. அதனால் முகாமுக்குப் போன இடமெல்லாம் நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். "எது கடிச்சாலும் கையோட புடிச்சிக் கொண்டாங்க. கண்ணால பாத்தாதான் மருந்து" என்று. (இன்றைக்கு நீங்கள் இப்படிச் சொல்லிவிடாதீர்கள். பாம்பை அடிக்கப் போய் இன்னொரு கடி வாங்கிக்கொண்டு வருவார்கள்.) மலை ஜனங்கள் என் சட்டத்தை அப்படியே கடைப்பிடித்தார்கள். சாக்கில் பாம்பு வரும், சொம்பில் தேள் வரும். ஒருமுறை கடித்த நாயையே கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். பின்னாலேயே நாய்க்குச் சொந்தக்காரர் சண்டைக்கு வந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை. வெளிநோயாளிகள் கூட்டம் வாசல்வரை நிற்கிறது. மலையிலிருந்து வெள்ளையன் என்ற ஆள் வந்தார். என் வயதுதான் இருக்கும். மனைவி காசியம்மாவைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

"என்னாப்பா?" என்றேன். என் வயதுக்காரரை அன்று நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

"எங்க வூட்ல நாலு நாளா காய்ச்சலுங்க. மண்டைய புடிச்சிக்கினே கெடக்கறா. ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்ட மாதிரி நோவுதுன்றா."

சொல்லிவிட்டு இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் மேசையில் வைத்தார். நான் தள்ளித் திறந்தேன். உள்ளே ஓர் உண்ணி. ரத்தம் குடித்து ஆமணக்கு விதை அளவுக்கு உப்பியிருந்தது. கால்கள் இன்னும் அசைந்தன.

"இதாங்க கடிச்சது. முட்டிக்குப் பின்னால ஒட்டிக்கினு இருந்திச்சி. எது கடிச்சாலும் கொண்டாரச் சொன்னீங்களே, அதான்."

ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அந்த ஆள் நான் போட்ட சட்டத்தைத்தான் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தார். மலையிறங்கி, காய்ச்சல்காரியைத் தாங்கிக்கொண்டு, அந்தத் தீப்பெட்டியையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். எனக்கோ வரிசையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கண்ணில் பட்டது.

"இத ஏம்பா எங்கிட்ட கொண்டாந்த? மாட்டு டாக்டர்கிட்ட கொண்டு போய்க் காட்டு. அவருதான் இதுக்கு ஸ்பெஷலிஸ்டு" என்றேன்.

கம்பவுண்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வரிசையும் சிரித்தது. வெள்ளையன் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தீப்பெட்டியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

காசியம்மாவைப் பார்த்தேன். நாடி, தொண்டை, வயிறு எல்லாம் பார்த்தேன். மணிக்கட்டில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. வேர்க்குரு என்று நினைத்தேன். கைகளை மூடி வைத்திருந்தாள். திறக்கச் சொல்லவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி, காய்ச்சல் என்றால் மலேரியாவுக்கு ரத்தம் எடு, குளோரோகுயின் கொடு, கூடவே ஒரு பென்சிலின் ஊசி போடு. அதையெல்லாம் குறையில்லாமல் செய்து, அங்கேயே இருந்த ஆறு கட்டில்களில் ஒன்றில் படுக்க வைத்தேன்.

மதியம் சாப்பிடக் கிளம்பும்போது வெள்ளையன் மறுபடி வந்து நின்றார். நான் விளையாட்டுக்குச் சொன்னதை அவர் உத்தரவாக எடுத்துக்கொண்டிருக்கிறார். வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்து கால்நடை மருந்தகத்துக்குப் போய், அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரிடம் தீப்பெட்டியைக் காட்டிவிட்டு, ஒரு சீட்டோடு திரும்பியிருக்கிறார். சீட்டில் இருந்தது இதுதான்.

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு. இது நாய்களிலும் ஆடுகளிலும் காணும் உண்ணி. இதிலுள்ள கிருமியால் மனிதருக்கும் கடும் காய்ச்சல் வரும் என்று படித்திருக்கிறேன். அந்த அம்மாவின் உள்ளங்கை, உள்ளங்காலில் புள்ளிகள் உள்ளனவா என்று தயவுசெய்து பார்க்கவும். இருந்தால் டெட்ராசைக்ளின் கொடுப்பது பற்றி யோசிக்கலாம். தவறென்றால் மன்னிக்கவும்."

கீழே கோணலாக ஒரு கையெழுத்து, பெயர் விளங்கவில்லை.

நானும் படித்ததுதான். ரிக்கெட்சியா என்று அந்தக் கிருமிக்குப் பெயர். உண்ணியின் உடம்பில் குடியிருக்கும். கடிக்கும்போது நம் ரத்தத்தில் இறங்கும், நசுக்கினால் விரல் கீறல் வழியாகவும் உள்ளே போகும். சின்ன ரத்தக்குழாய்களின் சுவரைத் தாக்கும். பென்சிலினுக்கு மசியாது, டெட்ராசைக்ளினுக்கு அடங்கும். புத்தகத்தில் அரைப் பக்கம். தேர்வு முடிந்த அன்றே அந்த அரைப் பக்கத்தை மறந்திருந்தேன். இப்போது அதை ஒரு மாட்டு டாக்டர், அதுவும் நேற்று வேலைக்கு வந்தவர், எனக்கு ஞாபகப்படுத்துகிறார். சுருக்கென்றது. சீட்டை நான்காக மடித்து மேசை டிராயரில் போட்டேன்.

"சரி சரி. ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன்."

வெள்ளையன் நகரவில்லை. "கைய பாக்கச் சொன்னாருங்க."

"இங்க டாக்டரு யாரு? அவரா, நானா?"

நான் சாப்பிடக் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. ரத்தத்தில் மலேரியா இல்லை. புள்ளிகள் கை, கால், உடம்பெல்லாம் பரவியிருந்தன. அப்போதாவது அந்த டிராயரைத் திறந்திருக்கலாம். திறந்தால் அந்தச் சின்னப்பையன், மாட்டு டாக்டர், சொன்னது சரி என்றாகிவிடும். அதனால் "அம்மை" என்றேன்.

"அவளுக்குச் சின்னதுலயே அம்ம வாத்துட்டுப் போயிடுச்சிங்களே" என்றார் வெள்ளையன்.

"திரும்பவும் வரும்பா."

மணல்வாரி அம்மை ஒருமுறை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வராது என்று தெரிந்தே சொன்னேன். அம்மை என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கோடி அறைக்கு மாற்றினார்கள், வேப்பிலை செருகினார்கள். ஊசியும் மருந்தும் ஆகாது என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சொன்னதை நானும் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு என்ன மருந்து என்று யாராவது கேட்பார்கள். புதன்கிழமை நான் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

அந்தப் புதன்கிழமை விடிந்தபோதுதான் சாலை மறியல் தொடங்கியது. கள்ளக்குறிச்சி போகும் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பேப்பர் இல்லை, பால் வண்டி இல்லை. நாங்கள் எல்லாரும் நாள் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

வியாழன் காலை நர்ஸ் ஓடி வந்தார். "சார், அந்தம்மா கைய வந்து பாருங்க சார்."

காசியம்மா நினைவில்லாமல் பிதற்றிக்கொண்டிருந்தாள். "ஆட்ட அவுத்து வுடு, ஆட்ட அவுத்து வுடு" என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் கையை விரித்தேன். உள்ளங்கை நிறையச் செம்புள்ளிகள், சில இடங்களில் ஊதாத் திட்டுகள். விரல் நுனிகள் கறுத்துச் சில்லிட்டிருந்தன. அந்த விரல்களால்தான் அவள் தினமும் ஆடுகளுக்கும் நாய்க்கும் உண்ணி பிடுங்கி, நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். மலையில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். இரண்டு கேள்வி கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

என் அறைக்குப் போனேன். டிராயரைத் திறந்து சீட்டை மறுபடி படித்தேன். டெட்ராசைக்ளின் டப்பா என் நாற்காலிக்குப் பின்னால் அலமாரித் தட்டில் இருந்தது. எழுந்திருக்கக்கூட வேண்டாம், உட்கார்ந்தபடியே கை நீட்டி எடுக்கலாம். திங்கள் மதியத்திலிருந்து வியாழன் காலைவரை அது அங்கேயே இருந்தது. கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து என் கையாலேயே ஊட்டினேன். வெள்ளையன் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து மட்டும் போதாது, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோயாக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, கட்டிலோடு நிலையத்து ஜீப்பில் ஏற்றினோம். முதல் மரத்துக்குப் பக்கத்தில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பயந்துகொண்டே இறங்கினேன். தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னா சார்? யாரு?"

"மலைக்கார அம்மா. உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்காங்க."

"அப்பறம் நின்னுக்கினு இன்னா பேச்சு? டேய், வாங்கடா, தூக்குங்கடா. நாம மறிக்கறது சர்க்கார, சீக்காளிய இல்ல."

கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி மரத்தைத் தாண்டினார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றிருந்த ஒரு டிராக்டரைக் கிளப்பி அடுத்த மரம்வரை கொண்டுவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் கை மாற்றினார்கள். இப்படி ஆறு மரம். எந்த இடத்திலும் யாரும் ஒரு நிமிஷம்கூட நிறுத்தவில்லை. ஒருவர் தன் துண்டை நனைத்துக் காசியம்மாவின் நெற்றியில் போட்டுவிட்டு, அதைத் திரும்பக்கூடக் கேட்காமல் நின்றுவிட்டார். மதியத்துக்கு முன்னால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

காசியம்மா பிழைத்தாள். கறுத்த விரல்கள் பிழைக்கவில்லை. வலக்கையில் நான்கு விரல்களின் நுனியையும், இடக்கையில் இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஆட்டுப் பால் கறந்த கை, சாமைக் கதிர் அறுத்த கை.

இதுவரை சொன்னது தப்பு. இனிமேல் சொல்லப்போவதுதான் அசிங்கம்.

அடுத்த மாதம் மேலதிகாரி விளக்கம் கேட்டார். நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்ப ஏன் தாமதம்? நான் உட்கார்ந்து எழுதினேன். "சாலை மறியல் காரணமாக உரிய நேரத்தில் அனுப்ப இயலவில்லை." ஒரே வரி. மறியல் நடந்தது உண்மை, தாமதம் ஆனதும் உண்மை. இரண்டையும் 'காரணமாக' என்று சேர்த்ததில்தான் பொய். கட்டிலைத் தலையில் சுமந்தவர்கள் பேரில் என் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் அதிகாரி எல்லார் முன்னாலும் என்னை எழுப்பிவிட்டு, மறியலுக்கு நடுவிலும் நோயாளியைக் கொண்டுசேர்த்த டாக்டர் என்று பாராட்டினார். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அந்தக் கால்நடை டாக்டரைப் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மூன்று கிலோமீட்டர். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஆறு மாதத்தில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். என் தொழிலில் எனக்குப் பெரிய பாடம் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த நிலையத்தில் மேலும் பதினோரு வருஷம் இருந்தேன். ஒவ்வொரு தை மாதமும் வெள்ளையனும் காசியம்மாவும் மலையிறங்கி வருவார்கள். கூடவே ஒரு பை சாமை வரும். அந்தக் குட்டை விரல்களால் பையைப் பிடித்து நீட்டுவாள். "வூட்ல கொடுங்க, கஞ்சி நல்லா இருக்கும்" என்பாள். "உங்க மேல அவ்ளோ மரியாத சார்" என்பார் நர்ஸ். நான் வாங்கிக்கொள்வேன். பதினோரு வருஷமும் வாங்கினேன், சாப்பிட்டேன். ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லலாம் என்று வாயெடுப்பேன். அவள் கையைப் பார்த்ததும் பையை வாங்கி உள்ளே வைத்துவிடுவேன். அவர்கள் நன்றியை நான் திருடிக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் மட்டும் போகவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அதன்பிறகு காய்ச்சல் என்று வந்த ஒருவரையும் உள்ளங்கை பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. காட்டு வேலையா, ஆடு மாடு உண்டா, ஏதாவது கடித்ததா என்று கேட்காமல் விட்டதில்லை. சந்தேகம் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கினேன். அப்படிச் சிலர் பிழைத்தார்கள். அதைக் கணக்குக் காட்டித் தப்பிக்கப் பார்க்கவில்லை, உங்களுக்குப் பயன்படுமே என்று சொல்கிறேன்.

போன வருஷம், ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, மலைக்குப் பஸ் ஏறினேன். இனியும் தள்ளிப்போட்டால் சொல்லாமலேயே செத்துப்போவேன் என்று தோன்றியது. இரண்டு பேரும் இருந்தார்கள். வெள்ளையனுக்குக் காது கொஞ்சம் மந்தம். காசியம்மா உள்ளங்கைகளுக்கு நடுவில் டம்ளரைப் பிடித்து எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும்வரை பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, டிராயர், தட்டில் இருந்த டப்பா, அம்மை என்ற பொய், மறியல்காரர்கள் பேரில் எழுதிய வரி.

"வெள்ளையன், மரத்த வெட்டிப் போட்டதால இல்ல. என்னாலதான் உங்க வூட்ல விரல் போச்சு. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் பதறவில்லை.

"தெரியுங்க" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"சீட்டு எழுதறப்பவே மாட்டு டாக்டரு சொல்லிட்டாரு. இந்த மாத்திர ஒங்க ஆஸ்பத்திரியிலயே இருக்கும், குடுத்தா சரியாப் பூடும்னு. நீங்க டிராயர்ல போட்டத நான் பாத்துக்கினுதான நின்னேன். மூணு நாளு கழிச்சி நாற்காலிக்குப் பின்னால கைய வுட்டு டப்பாவ எடுத்தீங்க. அதையும் வாசல்ல நின்னு பாத்தேன்."

"அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல? ஏன் வருஷா வருஷம் சாமை கொண்டாந்தீங்க?"

காசியம்மாதான் பதில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. ஒரு விவரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கேட்டா கோவிச்சுக்குவீங்க. கோவிச்சுக்கினு பூட்டீங்கன்னா அடுத்த காய்ச்சலுக்கு நாங்க எங்க போறது? மலைக்குக் கீழ வேற டாக்டரு இல்லியே. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருந்திச்சி. எங்க ஜனம் எது கொண்டாந்து காட்டினாலும் நீங்க சிரிக்காம பாக்கணும். அதுக்குத்தான் குடுத்தேன்."

நன்றி என்று நினைத்து நான் தின்றது அதைத்தான். பதினோரு வருஷமும் அவர்கள் எனக்குப் பயந்திருக்கிறார்கள்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன். வெள்ளையன் சாலைவரை கூட வந்தார். அறுப்பு முடிந்து வீட்டில் சாமை இருந்தது. மூட்டையைக் கண்ணால் பார்த்தேன். அன்று அவர்கள் எனக்குத் தரவில்லை. இனித் தர வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. அந்த மேசைக்குப் பின்னால் இப்போது நான் இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு யாராவது சாமை கொண்டுவந்தால், எதற்குத் தருகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.